சரிவுக்கு ஒரு விருது

மகள் அப்பாவின் புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நகராட்சி ஜீப் வாசலில் வந்து நின்றது. பதினோரு மணி விழாவில் விருது வாங்குவதற்காகப் போன வாரம் எடுத்த சட்டை. அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் காலை ஆறு மணிக்கு, டீயில் சூடு இல்லை என்று குறை சொல்லிவிட்டு, பாதித் தம்ளரோடு கண்ணை மூடிவிட்டார்.

"ஐயா ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே குமாஸ்தா உள்ளே வந்தார். கையில் ஜிகினாத்தாள் சுற்றிய கேடயம். கூடத்துக் கட்டிலைப் பார்த்ததும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அவர் ரெடிதான். நீங்கதான் லேட்டு" என்றாள் மகள். இரும்புச் சாமான் கடை நடத்துகிறவள். அழுகையை மதியத்துக்கு ஒத்திவைத்திருந்தாள். அதற்குள் முடிக்க வேண்டிய வியாபாரம் ஒன்று இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவு நகராட்சி நிலம். முன்பெல்லாம் மழை பெய்தால் அங்கிருந்து சேறு இறங்கி, சமையலறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, கேட்காமலே உட்கார்ந்துகொள்ளும். பஸ் டிக்கெட் பரிசோதகரான அப்பா, இருபத்திரண்டு வருடங்களாக வேலைக்குப் போகுமுன் அந்தச் சரிவின் குறுக்கே கல்லும் மண்ணும் அடுக்கி ஒன்பது கரைகள் கட்டினார். சேறு நின்றது. தெருக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அதைப் பாராட்டி நகராட்சியின் மாடி அலுவலகம் விருது அறிவித்தது. அதே சரிவைச் சமப்படுத்தி லாரி நிறுத்துமிடம் ஆக்க, திங்கட்கிழமை புல்டோசர் அனுப்புவதாகக் கீழ்த்தள அலுவலகம் உத்தரவு போட்டது. விருது பெற்றவர் பராமரிக்கும் இடத்தில் பத்து வருடம் யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் மாடி முந்த வேண்டியிருந்தது.

"விதிப்படி வாங்கறவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா" என்றார் குமாஸ்தா.

"அவருக்கு இன்னிக்கு சௌகரியப்படாது."

"புரியுதும்மா. இறந்தவங்களுக்குத் தனி ஃபாரம். அதுக்கான கமிட்டி அடுத்த வருஷம்தான் கூடும்."

"அடுத்த வருஷம் அங்க லாரி நிக்கும். கேடயத்த டயருக்கு முட்டுக் குடுக்கவா?"

குமாஸ்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் கடை வழக்கப்படி உயரத்திலிருந்து ஆரம்பித்தாள். "பேசாம சரிவுமேல அப்பாவுக்கு ஒரு சிலை வெச்சிடுங்க."

"சிலையா!"

"சரி, உங்களுக்கு ஏன் கஷ்டம். சிலை வேணாம். தம்பி கையெழுத்துப் போடட்டும், முடிச்சுக்கலாம்."

அந்தப் பேரத்தில் குமாஸ்தா ஏறக்குறைய விழுந்துவிட்டார். கடைசி நொடியில் விதி அவரைத் தாங்கிப் பிடித்தது. "வாரிசுக்குக் கிடையாதும்மா. சேவை செஞ்சவங்களுக்குத்தான். கூட வேல செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. இன்னிக்கே பேர மாத்தலாம், கமிட்டி மொத்தமும் மேடையிலதான் இருக்கு."

"நான்தான் கூட செஞ்சேன்" என்றான் சுவரோரம் நின்ற தம்பி.

"எத்தனை வருஷம் தம்பி?"

"ஒரு... ஞாயித்துக்கிழமை."

"நான் செஞ்சேன்."

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மா. அந்தக் கரைகளை இத்தனை வருடமும் பைத்தியக்கார வேலை என்று திட்டிய அதே அம்மா. பொய் சொன்னால் குமாஸ்தா கண்டுபிடித்துவிடுவாரே என்று மகள் குறுக்கே புகுந்தாள். "சும்மா இரும்மா."

அம்மா எழுந்து போய், துணி ஊறவைக்கும் தொட்டிக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போல உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய்ச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டு முனையிலும் குச்சி கட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"அவர் எல்லாத்தையும் கண்ணாலயே மட்டம் பாப்பார். கரை ஒரு பக்கம் முழங்கை அளவு எறங்கிக் கெடக்கும். தண்ணி அந்தப் பக்கமே போய் அறுத்துடும். மொத கரை அப்பிடித்தான் போச்சு. மூணு நாள் சரியாப் பேசல, சாப்பிடல. அப்புறம் அவர் டூட்டிக்குப் போனதும் நான் இத எடுத்துட்டுப் போய்க் கல்ல மாத்தி வெச்சுடுவேன்."

"ஒன்பதுமா?" என்றான் தம்பி.

"ஒன்பதும்தான். அறுந்துபோன மொத கரைய அவர் மறுபடி கட்டினதும் சேத்து."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"சாயங்காலம் வந்து பாத்துட்டு, 'என் கண்ணு தப்புமா'ம்பார். அன்னிக்கு ரெண்டு கரண்டி சோறு கூடவே போகும்."

தொட்டி நிரப்ப என்று சொல்லி அம்மா மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடையில் குழாய் வாங்குவாள். அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு, அதையே பெரிய பாசம் என்று மகள் நினைத்திருந்தாள்.

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். "இதையே எழுதிக்கறேன்மா. விழாவில வாசிப்பாங்க."

"எல்லாத்தையுமா? அவர் கட்டினது கோணல்னுமா?"

"உங்க சேவை எதுன்னு தெரியணும்லம்மா."

அம்மா சமையலறை ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தப் பெருமை, டீ குறையையும் மீறி, அப்படியே இருந்தது.

எந்த வாடிக்கையாளரையும் யோசிக்க விட்டறியாத மகள், "நிதானமா யோசிம்மா" என்றாள்.

"எழுதுங்க" என்றாள் அம்மா. "ஆனா மைக்குல பதினோரு மணிக்கு முன்னாடி வரக்கூடாது."

"ஏம்மா?"

"ஊர் சொல்லி அவர் கேக்க வேணாம். மொதல்ல நான் சொல்லணும்."

கையெழுத்தைப் போட்டுவிட்டு எல்லோரையும் கூடத்திலிருந்து வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தரைக்கு நகராட்சித் தலைவர் பெரிய மாலையோடு வந்தார். மகள் கதவை மறித்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க சார். அம்மா பேசிட்டிருக்காங்க."

"உள்ள யார் இருக்காங்க?"

உள்ளே தாழ்ந்த குரல் கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது. நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போடுகிற சத்தம். மறுபடி அந்தக் குரல். தலைவர் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.