முழங்கால் சொன்ன சாட்சி

பொற்கொடி உட்காருவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வீட்டு நாற்காலிகள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. யாரும் தடுக்கவில்லை.

நின்றே சமைத்தாள், நின்றே சாப்பிட்டாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு. நிற்கிறவளுக்கு மடி கிடையாது. மகள் நிறைமதி தூக்கம் வந்தால் அம்மாவின் முன்னால் வந்து நிற்பாள். மேலும் கீழும் பார்ப்பாள். படுக்க இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டுக்காரிக்கு நல்ல விசாலமான மடி. பொற்கொடிக்கு வயிறு எரிந்தது.

வலி எங்கே என்று அவளுக்குத் தெரியும். பெண்ணுறுப்பில். எரியும், குத்தும், புடவை உரசினாலே உயிர் போகும். ஆனால் அந்தக் குடும்பத்தில் தொப்புளுக்குக் கீழே எது வலித்தாலும் முழங்கால் என்றுதான் சொல்லவேண்டும். மாமியார் சுலோச்சனா, மருமகள் வந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"முழங்கால்னு சொல்லு. தைலம் குடுப்பாங்க, வாங்கிக்க."

கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, சொந்தக்காரர்கள் முறைபோட்டு வந்து தேய்த்தும் விட்டார்கள். முழங்கால் பளபளவென்று ஆகிவிட்டது. நாளடைவில் கல்யாணப் பத்திரிகைகள் அதன் பேருக்கே வர ஆரம்பித்தன.

கடைசியில் மாமியாரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எலும்பு டாக்டர் சின்னச் சுத்தியலால் தட்டினார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது டாக்டர்" என்றாள் பொற்கொடி.

"பொய் சார்" என்றது முழங்கால். "எனக்கு ஒண்ணுமே இல்ல. பாவம், அவளுக்கு வேற எடம்."

மாமியார் அவசரமாகப் புடவையை இழுத்து அதன் வாயை மூடினார். டாக்டர் சுத்தியலைத் துடைத்து வைத்தார்.

"முழங்கால் பொய் சொல்லாதும்மா. பிசியோதெரபிஸ்ட் நஸ்ரினப் போய்ப் பாருங்க. வராந்தா கடைசி ரூம்."

ரூம் கண்ணுக்குத் தெரிந்தது. நர்ஸ் ஒருத்தி, "எதுக்கும்மா வந்தீங்க?" என்றாள். "முழங்கால்" என்றாள் பொற்கொடி, பழக்கதோஷம். வராந்தா ஒரு தெரு அளவுக்கு நீண்டது. இன்னொரு நர்ஸ் கேட்டாள். அதே பதில். கதவு தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது. வழிநெடுகப் பெண்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஒருத்தி முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"எங்க வீட்டுல முழங்கைன்னு சொல்லணும்" என்றாள்.

"எப்ப வந்தீங்க?"

"மூத்தவளுக்குப் பல்லு மொளைக்கறப்ப. இப்ப அவ காலேஜ் போறா."

பொற்கொடிக்குச் சுரீர் என்றது. நிறைமதி எதிர்வீட்டு மடியிலேயே வளர்ந்து ஆளாகிவிடுவாளே! வந்த கோபத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பெண்ணுறுப்புல வலி! எரியுது! என்னால உக்கார முடியல!"

கதவு ஓடி வந்து அவள் மூக்கில் இடித்தது.

நஸ்ரின் உள்ளே கையுறை மாட்டிக்கொண்டு இருந்தாள். "வாங்கக்கா. எவ்ளோ நாளா எரியுது?" என்றாள். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பொற்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கும் வரை நஸ்ரின் காத்திருந்தாள். பிறகு படுக்கச் சொன்னாள்.

"தொடலாமா? வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

ஒரு விரல்தான். ஓர் இடத்தில் மெதுவாக வைத்தாள்.

"இங்கயா?"

"அங்கதான். அய்யோ, அங்கயேதான்."

"தசையெல்லாம் இறுகிக் கெடக்குக்கா. வலிக்குமேன்னு இறுக்கறீங்க, இறுக்கறதால இன்னும் வலிக்குது. மூச்ச அடிவயிறு வரைக்கும் இழுங்க. விடும்போது அந்த இறுக்கத்தையும் சேத்து விடுங்க."

விட்டாள். மூச்சோடு சில குரல்களும் வெளியே வந்து விழுந்தன. காலைச் சேத்து உக்காரு. சத்தமாச் சிரிக்காத. பல்லக் கடிச்சிக்க, பழகிடும். கடைசியில் விழுந்தது மாமியாரின் குரல். நஸ்ரின் எல்லாவற்றையும் விளக்குமாற்றால் ஓரமாகத் தள்ளினாள்.

"முழுசாப் போயிடுச்சா?"

"கொஞ்சம் இருக்கு."

"இருக்கும். வாராவாரம் வாங்க, வீட்லயும் செய்யுங்க. இப்ப உக்காந்து பாருங்க."

பாய் விரித்தாள். பொற்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். எரிந்தது. ஆனால் தாங்கலாம். புடவை மடங்கி, மடி வந்தது. சின்ன மடிதான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

பின்னாலேயே உள்ளே வந்திருந்த மாமியார் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றும் இவர் உட்காரவில்லை என்பது பொற்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது.

"உக்காருங்கத்தே."

மாமியார் உட்காரவில்லை. பாயில் மெல்லச் சாய்ந்து, ஒருக்களித்துப் படுத்து, மருமகள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உன் புருஷன் பொறந்ததுலேருந்து எனக்கும் அங்கதான்டி வலி" என்றார்.

பொற்கொடிக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தாள்.

"கொஞ்சம் ஓரமாப் படுங்கத்தே" என்றாள். "நிறைமதிக்கும் எடம் வேணும்."