வலதுபக்கச் சக்கரம்

2015 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. சாம்பியாவின் கிட்வே நகரில் விடிந்ததிலிருந்து மின்சாரம் இல்லை.

சக்கர அலைன்மெண்ட் பார்க்கும் கடைகளின் இயந்திரங்கள் படுத்துவிட்டன. கசோண்டேயின் பழைய ஜீப் நேற்று ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததிலிருந்து இடதுபக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. மதியம் மருத்துவமனையில் மனைவி முசோண்டாவையும், பிறந்து மூன்று நாளான மகளையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மகளின் முதல் பயணம் தன் வண்டியில்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினான். ஸ்டியரிங்கை நேராக வைத்துத் துணியால் கட்டினான். இருபுறமும் கற்களில் நூலைக் கட்டி, வண்டிக்கு இணையாக இழுத்துப் பிடித்தான். நூலுக்கும் முன்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி, சக்கரத்தின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இடது சக்கரம் சரியாகவே இருந்தது. கோளாறு வலதுபக்கம்தான்.

அந்தப் பக்கம் போக முடியாதபடி, மாமியார் பானா முசோண்டா, அதாவது முசோண்டாவின் அம்மா, பாய் விரித்து, ஆகஸ்ட் மாதக் குளிருக்கு இதமான வெயிலில் கடலை உரிக்க உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வழக்கப்படி, பெண் வீட்டார் விருந்து வைத்து அழைக்கும்வரை மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேரில் பேசவும் கூடாது. அந்த விருந்து இன்னும் நடக்கவில்லை. எழுந்து போங்கள் என்று அவரிடம் யார் சொல்வது?

கசோண்டே நாயைக் கூப்பிட்டான். மாமியாரை அவன் பாமாயோ, அதாவது அம்மா, என்றுதான் சொல்வான்.

"டைகர், பாமாயோகிட்ட கேளு. வலது சக்கரத்துல நூலுக்கு எவ்வளவு இடைவெளி இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா?"

அளவுகோலை வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டான். கடலை உரிக்கும் சத்தம் நின்றது.

"டைகர், மாப்பிள்ளைகிட்ட சொல்லு. முன்னாடி எட்டு, பின்னாடி ஏழரை."

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ம்வேவா எட்டிப் பார்த்தான்.

"ஏண்டா கசோண்டே, நாய்க்கு எப்படா மெக்கானிக் வேலை கத்துக் கொடுத்த?"

"சும்மா கெட. என்னைவிட அதுக்கு நல்லா வருது."

கசோண்டே ஸ்பேனருடன் இடதுபக்கமாகவே ஜீப்புக்கு அடியில் நுழைந்தான். வலதுபுறம் பாயின் ஓரமும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான். தடவித் தடவி, சக்கரத்தைத் திருப்பும் தண்டைப் பிடித்து, இரண்டு சுற்றுத் திருப்பினான்.

"டைகர், இப்ப முன்னாடி எட்டரைன்னு சொல்லு. கூடிப் போச்சு."

இன்னும் இரண்டு சுற்று.

"ஒன்பது! டைகர், மாப்பிள்ளை கண்ண மூடிக்கிட்டா திருப்புறாரு?"

"ஆமான்னு சொல்லு டைகர்."

"எம்பேத்திய இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டிக் கூட்டிட்டு வரப்போறாரான்னு கேளு!"

வேலியோரம் ம்வேவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பக்கத்திலிருந்தும் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. கசோண்டேயும் சிரித்துவிட்டான், தலை வண்டியில் இடித்தது.

பிறகு துணி உதறும் சத்தம் கேட்டது.

"டைகர், கண்ணத் தொறக்கச் சொல்லு. இங்க ஆளே இல்ல, துணிதான் இருக்கு."

பயந்துகொண்டே ஒரு கண்ணைத் திறந்தான். பாயின் மேல் மஞ்சள் பூப்போட்ட ஒரு துணிக்குவியல். பாதத்தையும் காணோம். குவியலிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, அளவுகோலை நூலோடு சேர்த்துப் பிடித்திருந்தது. எவ்வளவு தூரம் தப்பாகத் திருப்பியிருக்கிறோம் என்று இப்போது கண்ணால் பார்த்தான். எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பினான்.

"இன்னும் கொஞ்சம்... மெதுவா மாப்பிள்ள... அங்கயே நிறுத்து! ரெண்டும் ஒண்ணாயிடுச்சு." நாயைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார். அவசரமாக, "டைகர்!" என்றார்.

மதியம் ஜீப் கிளம்பியது. பின் இருக்கையில் மாமியார் தலையோடு துணியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கசோண்டே முன்னமே கூரைப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். நேரான சாலை வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான்.

ஜீப் நேராகப் போனது.