கோணவாயன் நின்ற மூலை

வெள்ளையன் வீட்டு வாசலில் அந்தக் கார்த்திகையில் ஆறு பேய்கள் நின்றன. அதில் ஒரு பேயாக நானே நின்றேன். வாங்கிய அடியில் என் கால்கள் இரண்டும் பனைமரத் தண்டிக்கு வீங்கின. பொய் என்று நினைக்கிறவர்கள் என் வலக்கை ஆள்காட்டி விரலைப் பார்க்கலாம். மேல் கணு இருக்காது. அது எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் ஃபாரஸ்ட் கார்டு. காக்கி போட்டு அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் உட்கார்ந்திருந்த ரேஞ்சருக்கு, ஜப்பான்காரனைவிட வெள்ளையன்தான் பெரிய கவலை. வெள்ளையனிடம் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் சத்தத்தை மலையே கேட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தவர் மட்டும் ஒருத்தரும் இல்லை.

"குழந்தைசாமி, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் துப்பாக்கி என் மேசை மேல இருக்கணும். இல்லைன்னா உன் காக்கிச் சட்டை இருக்கணும். ரெண்டுல எது வந்தாலும் எனக்குச் சரி" என்றார்.

எனக்கு இருந்ததே அந்த ஒரு சட்டைதான். வேலை போனால் என் மாமனாரின் செங்கல் சூளைக்குத்தான் திரும்ப வேண்டும். அவர் முதலில் என்னை மண்ணை மிதிக்கச் சொல்வார், பிறகு அவர் என்னை மிதிப்பார்.

செவ்வாய்க்கிழமை மலையேறி வெள்ளையன் வீட்டைச் சோதனை போட்டேன். அது நாலாவது சோதனை. கூரையைக் குத்தினேன், தானியக் குதிருக்குள் தலைகீழாக இறங்கினேன், மாட்டுத் தொழுவத்தில் சாணியைக்கூடக் கிளறினேன். ஒன்றும் இல்லை. வெள்ளையன் பக்கத்தில் நின்று, "அந்த மூலையை உட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் அவன் பெண்டாட்டி இருசாயி பன்றியை விரட்டப் பொம்மை செய்துகொண்டிருந்தாள். அறுத்த சாமையைக் கட்டுக் கட்டாக வாசலில்தான் போர் போட்டிருந்தார்கள். வீடு காட்டை ஒட்டி இருந்தது. ஒத்தப்பல்லன் என்று ஒரு காட்டுப்பன்றி, கரியில் ஓடுகிற சேந்தமங்கலம் பஸ் உயரம் இருக்கும், பஸ்ஸைவிட வேகமாகவும் வரும். போன வருஷம் அது பக்கத்து வீட்டு மாணிக்கத்தின் வயிற்றைக் கிழித்தது. அவன் குடலைத் துண்டில் முடிந்துகொண்டு சேந்தமங்கலம் வரை இறங்கி நடந்தான். வழியில் ரெண்டு பேரிடம் வெற்றிலை வாங்கிப் போட்டானாம்.

இருசாயியின் கையில் அப்படியொரு கொலைத் திறமை இருந்தது. கரிபிடித்த சட்டி தலை. சுண்ணாம்பில் முட்டைக்கண், அதன் நடுவில் கோழி ரத்தம். செத்த பன்றியின் தாடையெலும்பைத் தேன்மெழுகால் வாயில் ஒட்டியிருந்தாள். கற்றாழை நாரைச் செம்மண்ணில் முக்கித் தலைமுடி, விரலுக்கு விரல் முள்ளம்பன்றி முள். ஒரு பொம்மை தன் தலையைத் தானே கக்கத்தில் இடுக்கியிருந்தது. இன்னொன்றின் வயிற்றிலிருந்து சிவப்புக் கயிறு சரிந்து தரையில் சுருண்டு கிடந்தது. அது தான்தான் என்று மாணிக்கத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. என் குடல் இவ்வளவு நீளமில்லை என்று வேலி ஓரம் நின்று சண்டை போட்டுவிட்டுப் போனான்.

"ஏனுங்க கார்டய்யா, சும்மா நிக்கறதுக்கு இந்தச் சட்டியைப் புடிங்க. கண்ணு வெக்கோணும்" என்றாள் இருசாயி.

"நான் சோதனை போட வந்திருக்கேன்."

"மூணு தடவை இல்லாத துப்பாக்கி நாலாவது தடவை மொளைச்சா வரும்? புடிங்க."

பிடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"கொஞ்சம் பல்லைக் காட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க."

என் பல்வரிசையைப் பார்த்துப் பார்த்து அந்தச் சட்டியில் வாயைக் கோணலாக இழுத்தாள். வாசலின் காட்டுப்பக்க மூலையில் நிற்க வேண்டிய பொம்மை அது. கோணவாயன் என்று பேரும் வைத்தாள். மற்ற அஞ்சும் சேர்ந்தாலும் அதன் பயங்கரத்துக்குக் கிட்ட வராது. பெருமையாகத்தான் இருந்தது.

மலை இறங்கும்போது யோசனை வந்தது. பன்றி வந்தால் வெள்ளையன் துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டும். எங்கிருந்து எடுக்கிறான் என்று வாசலில் நின்று பார்த்தால் போதும். வாசலில் யாரும் சந்தேகப்படாமல் நிற்பது யார்? பொம்மை.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம். வீட்டு ஆட்கள் கீழ்க்காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறைக்குப் பின்னாலிருந்து ஊர்ந்து போய்க் கோணவாயனைப் பிடுங்கினேன். சட்டியைக் கழற்றி, கண்ணில் ரெண்டு ஓட்டை போட்டு என் தலையில் கவிழ்த்தேன். அதன் கிழிந்த கம்பளியை மாட்டிக் காலில் சாக்கைச் சுற்றினேன். மிச்ச உடம்பைத் தூக்கிப் பாறைக்குப் பின்னால் முள்ளுப்புதரில் தலைகுப்புற எறிந்தேன். நல்ல கனம். இருசாயி கஞ்சத்தனம் பண்ணாமல் சாமைத் தாளைத் திணித்திருக்கிறாள் என்று மெச்சிக்கொண்டேன்.

அந்திவெயில் சிவந்திருந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். வெள்ளையன், இருசாயி, அறுப்புக்காகத் திண்ணனூர் நாட்டிலிருந்து வந்திருந்த அவள் தங்கச்சி பாப்பாயி. பாப்பாயி ஒரு கையில் உரலைத் தூக்குவாள் என்று சொல்வார்கள். நான் பார்த்தபோது கைக்கொரு தடி வைத்திருந்தாள்.

"எதுக்கக்கா பொம்மையை அடிக்கோணும்? எங்க பக்கம் இந்த வழக்கம் இல்லையே."

"அடிபடாத பொம்மையைப் பன்னி மதிக்குமா? சும்மா நின்னா அதுக்குச் சோம்பேறித்தனம் வந்துரும், பன்னிகூடச் சிநேகம் ஆயிரும். தினம் அந்தியில நல்லாச் சாத்தி நாலு வார்த்தை திட்டினாத்தான் ரோசம் ஏறும்."

எனக்குச் சட்டிக்குள் வியர்த்தது.

முதல் பொம்மையில் ஆரம்பித்தார்கள். பொம்மையின் தகப்பன், பாட்டன், அவன் கட்டிய பெண்டாட்டி எல்லாரையும் இருசாயி பேர் சொல்லித் திட்டினாள். மாணிக்கம் பொம்மையின் குடல் பிய்ந்து கூரைமேல் போய் விழுந்தது. தலையைக் கக்கத்தில் வைத்திருந்தவனுக்கு அதுவும் போனது. பிறகு மூலைக்கு வந்தார்கள்.

"பாப்பாயி, கோணவாயனை இடுப்புக்குக் கீழ மட்டும் அடி" என்றான் வெள்ளையன்.

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். முதல் அடி முழங்காலில் விழுந்ததும் அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன். ரெண்டாவது அடியில் என் செத்துப்போன அய்யன் கண்ணுக்குத் தெரிந்தார். மூன்றாவதில் அவரும் பயந்து போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் செங்கல் சூளை. பல்லைக் கடித்ததில் ஒரு கடைவாய்ப் பல் தூளாகி, அதையும் முழுங்கினேன்.

நாலாவது அடிக்கு ஓங்கிய பாப்பாயி குனிந்து என் காலைப் பார்த்தாள். அக்காளின் காதில் ஏதோ சொன்னாள். இருசாயியும் குனிந்து பார்த்தாள்.

"பொம்மை தத்ரூபமா வந்திருக்குதடி. நகத்துல அழுக்குக்கூட அப்படியே இருக்குது."

"மூஞ்சி கார்டு மாதிரி இருக்குதே அக்கா."

"கார்டுக்கு ஏதடி இவ்வளவு அழகு. ம், நிக்காத, போடு."

அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடி முன்னைவிடப் பலமானது. நாலு சோதனைக்கும் சேர்த்து வாங்கினேன். குதிருக்குள் இறங்கியதற்கு எட்டு, தொழுவத்துக்கு ஆறு, கூரைக்குப் பத்து. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் அடித்தார்கள். சாமைப் போரை மூடிக்கொண்டிருந்த வெள்ளையனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "பொம்மை மேல அவ்வளவு என்ன கோவம்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

அப்போதுதான் வேலி உடைந்தது.

ஒத்தப்பல்லன் வேலியோடு சேர்த்துப் பாதிக் காட்டையும் இழுத்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தது. சற்றுமுன் அடி வாங்கி ரோசம் ஏறியிருந்த அஞ்சு பொம்மைகளும் ஒரே மூச்சில் தாளாகப் பறந்தன. வெள்ளையன் என்னை நோக்கி ஓடிவந்தான். வந்தவன் என் கம்பளிக்குள் கையை விட்டு நெஞ்சைத் துழாவினான். விலா எலும்பு ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"எங்க போச்சு? எங்க போச்சு?" என்றான்.

"என்ன எங்க போச்சு?" என்றேன் சட்டிக்குள்ளிருந்து.

"துப்பாக்கி" என்றான். பிறகுதான் பொம்மை பேசியது அவனுக்கு உறைத்தது. வாயைப் பிளந்து நின்றான். நின்றவன் தொடையில் பன்றி குத்தியது.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. நாலு தடவை தேடிய துப்பாக்கி கோணவாயனின் முதுகெலும்பாக இருந்திருக்கிறது. அதைக் கையால் தூக்கி, கனமாக இருக்கிறதே என்று மெச்சி, முள்ளுப்புதரில் எறிந்தவன் நான்.

வெள்ளையன் தரையில் கிடந்தான். தொடையிலிருந்து ரத்தம் குடத்தைச் சாய்த்த மாதிரி வந்தது. பன்றி பின்வாங்கி மறுபடி தலையைத் தாழ்த்தியது. வீங்கின காலோடு நான் ஓடிய ஓட்டம் மலையில் இன்றைக்கும் பேச்சு. முள்ளில் விழுந்து தாளைக் கிழித்தேன், குழாய் கைக்கு வந்தது. வெடிமருந்து கெட்டித்துத் தயாராகத்தான் இருந்தது. பன்றியின் நெற்றிக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்தேன்.

தலைகுப்புற எறிந்ததில் குழாய் வாயில் மண் அடைத்திருந்ததை யார் கண்டார்கள்? துப்பாக்கி முன்னால் வெடிக்காமல் பக்கவாட்டில் வெடித்தது. சட்டி என் தலையில் ஏழு துண்டாகியது. புருவம் ரெண்டும் எரிந்தன. விரலின் மேல் கணு பறந்து போய்ப் பன்றியின் இடது கண்ணில் அடித்தது.

பன்றி ஒரு விநாடி திகைத்தது. தன் வாழ்நாளில் விரலால் சுடப்படுவோம் என்று அது எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு விநாடியில் இருசாயி உலக்கையை அதன் மண்டையில் இறக்கினாள். முன்னங்கால் மடிந்தது. மறுபடி இறக்கினாள். பாப்பாயி மேலே ஏறி உட்கார்ந்து அரிவாளால் கழுத்தை அறுத்தாள். பன்றி அவளைச் சுமந்துகொண்டே வீட்டை மூன்று சுற்று சுற்றியது, அவள் இறங்கவும் இல்லை, அறுப்பதை நிறுத்தவும் இல்லை. மூன்றாவது சுற்றில் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் விழுந்தன. வாசல் முழுக்கச் சேறு மாதிரி ரத்தம், நாங்கள் மூன்று பேரும் அதில் வழுக்கி வழுக்கி எழுந்தோம்.

இருசாயி புருஷனின் தொடையைச் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து என் விரலில் அப்பினாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. துப்பாக்கி இல்லாமப் போனா என் வேலை போயிரும்" என்றேன்.

"கொண்டு போங்க சாமி. என்னையும் கூட்டிட்டுப் போய்ப் புடிச்சுக் குடுங்க. உசுரைக் காப்பாத்தினவரு" என்றான் வெள்ளையன், படுத்தபடியே.

"இருங்க" என்றாள் இருசாயி. "கார்டய்யா, சுட்டது யாரு?"

"நான்."

"லைசென்ஸ் இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப யாரைப் புடிச்சுக் குடுக்கறது?"

நியாயமான கேள்விதான். நாலு பேரும் யோசித்தோம். யோசித்து முடித்ததும் அவள் ஊசியை எடுத்தாள். வெடித்த துப்பாக்கியை உள்ளே வைத்துக் கோணவாயனை மறுபடி தைத்தாள், வேறு சட்டியில் அதே பல்லை வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அதை முதுகில் சுமந்துகொண்டு ரேஞ்சர் ஆபீசுக்குள் நுழைந்தேன். ரேஞ்சர் நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்தார். எழுந்து உட்கார்ந்ததும் நான் பொம்மையின் வயிற்றைக் கிழித்துத் துப்பாக்கியை மேசை மேல் வைத்தேன்.

"யார்கிட்ட இருந்து பிடிச்சே?"

"இவன்கிட்டத்தானுங்க. வேற ஆள் கையில நான் பாக்கலை." அது நிஜம்.

"விரல் எங்கே?"

"கைது பண்றப்பக் கடிச்சுட்டானுங்க."

அவர் கோணவாயனை ரொம்ப நேரம் பார்த்தார். கோணவாயனும் அவரைப் பார்த்தான். கடைசியில் பேனாவை எடுத்து, உரிமையாளர் தெரியாத பொம்மையிடமிருந்து துப்பாக்கி கைப்பற்றப்பட்டது என்று எழுதினார். உன்னை நிரந்தரமாக்க மேலே எழுதுகிறேன், பதினைந்து நாளில் ஆர்டர் வரும், அதுவரைக்கும் உன் மேல் ஒரு புகாரும் வரக் கூடாது என்றார்.

சனிக்கிழமை மலையேறினேன். மற்ற அஞ்சு பொம்மைகளையும் மறுபடி கட்டி நிறுத்திவிட்டு, இருசாயி காலியான மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"கோணவாயன் எங்கீங்க?"

"ஆபீசுல. கேஸ் முடியற வரைக்கும் விடமாட்டாங்க."

"செத்த பன்னிக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது. காலி மூலையைப் பாத்தா வருமே."

"வேற பொம்மை செய்யறது."

"சட்டி இல்லீங்க. நாளைக்குச் சேந்தமங்கலத்துக்குச் சட்டி வாங்கப் போலாம்னு இருக்கேன். போற வழியில ரேஞ்சரய்யாவையும் ஒரு எட்டுப் பாத்து, அன்னிக்குச் சுட்டது யாருன்னு சொல்லிட்டு வந்துரலாம்."

நான் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு போய் மூலையில் நின்றேன். பாப்பாயி தடியைத் தேடிப் போனாள்.

சாமைப் போர் அடித்து முடிய இன்னும் பதிமூன்று நாள் இருந்தது. பதிமூன்று அந்தியிலும் நின்றேன், பதிமூன்று அந்தியிலும் ரோசம் ஏற்றினார்கள். ஒரு பன்றிகூட வளப்பூர் நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசி நாள் சேந்தமங்கலத்து ஆபீஸ் பியூன் ஒரு கவரோடு மலையேறி வந்தான். வாசலில் ஆறு பேய்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, "கார்டு இருக்காருங்களா?" என்று கேட்டான்.

மூலையிலிருந்த பேய் கையை நீட்டி, "குடு" என்றது.

பியூன் முதல் வளைவு வரை ஓடினான். அதற்கப்புறம் உருண்டான். அவன் கையிலிருந்து பறந்த என் நிரந்தர ஆர்டரை மூன்று நாள் தேடி, அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே ஒரு புங்கமரக் கிளையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.