நாலாவது அடி

பல் செட் செய்கிற லேபில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். பாசமாக வைத்த பெயரில்லை. ஒரு கடைவாய்ப்பல் முடி அளவு தூக்கலாக இருந்தாலும், "நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். பக்கத்து மேஜைக்காரர் ஒரே பல்லை மூன்றாவது முறை தேய்த்துக்கொண்டே முணுமுணுத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்த நூலக்கா சனிக்கிழமை காலை ஆறரைக்கே எழுந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் நான்கு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் ஐந்து நிமிஷ வீடியோ ஒன்றை அனுப்பியாக வேண்டும். அது பிடித்துப்போனால், ஒரு பெரிய சோபாக் கடையின் கீழ்த்தளத்தில் வாராவாரம் மத்தியானம் உட்கார்ந்து வாசிக்கலாம். முன்பின் தெரியாத ஜனங்கள் கேட்பார்கள். மூன்று வருஷமாக அவள் ஏங்கியது இதற்குத்தான். இதுவரை கேட்டவர்கள் என்றால் உறவுக்காரர்கள், லேப்காரர்கள், அப்புறம் ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள்.

சிக்கல் என்னவென்றால், கடை மேனேஜர் புதன்கிழமை போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "டிரம் வேணாம்மா. ஜனங்க சோபால சாஞ்சு பாத்து வாங்கற இடம் இது. நீங்க ஒரு ஆள், ஒரு போன், அது போதும்."

டிரம் வேண்டாம் என்றால் நாத்தனார் வேண்டாம் என்று அர்த்தம்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த ஸ்கூலின் பின்பக்க ஷெட்டில், கார்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில், வாரம் இரண்டு நாள் இருவரும் வாசிப்பார்கள். நாத்தனாருக்கு டிரம் செட். நூலக்காவுக்கு போன்தான் வாத்தியம். அதிலிருக்கும் ஆப்பில் பட்டனை அழுத்திவிட்டு, வெள்ளைச் சுண்ணத்தில் வார்த்த யாரோ ஒருவரின் கீழ்த்தாடையைச் சின்னக் கரண்டியால் தட்டுவாள். நாலு எண்ணி முடித்து, மறுபடி ஒன்று வரும்போது பட்டனை மறுபடி அழுத்தினால், அதுவரை தட்டியதைப் போன் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். அதுதான் லூப். அதன்மேல் ஒரு ஹம்மிங், அதன்மேல் பழைய போனிலிருந்து பியானோ, எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு. ஒரே ஆள் ஒரு கூட்டமாகிவிடலாம்.

விரல் முந்தினாலும் பிந்தினாலும் தானே சரிசெய்துகொள்கிற வசதியும் அந்த ஆப்பில் உண்டு. நூலக்கா அதை முதல் நாளே அணைத்துவிட்டாள். "அதெல்லாம் கை வராதவங்களுக்கு" என்றாள்.

நாத்தனார்மேல் அவளுக்கு ஒரே ஒரு குறை. நாலாவது அடியில் இழுப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் கச்சிதமாக வந்து, நாலாவதில் கை ஒரு பொட்டு நின்று போகும். "நாலாவதுல இழுக்கறே" என்பாள் நூலக்கா. "சரி அண்ணி, பாத்துக்கறேன்" என்பாள் நாத்தனார். அடுத்த சுற்றிலும் இழுப்பாள். மூன்று வருஷமாக இந்த இரண்டு பேச்சும் அந்த ஷெட்டில் தேய்ந்துபோகிற அளவுக்குப் புழங்கியிருந்தன.

அதனால் மேனேஜர் டிரம் வேண்டாம் என்றதும் முதலில் பகீர் என்றது. அடுத்த நிமிஷமே மனதின் ஒரு மூலை ஜில்லென்றது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜில்லென்றுதான் இருந்தது. வியாழக்கிழமை ஷெட்டுக்குப் போனபோது நாத்தனாரிடம் மூச்சுவிடவில்லை. "சும்மா, கேட்டுப் பாக்கறதுக்கு" என்று சொல்லி, வாசித்தது முழுவதையும் பதிவு செய்துகொண்டு வந்தாள். அதே தாளத்தை ஆப்பில் இருக்கும் டிரம்மில், சத்தத்தைக் குறைத்து, போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்பது கணக்கு.

முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். ஆப்பின் டிரம் நூல் பிடித்த மாதிரி போயிற்று. அதன்மேல் இவள் லூப்பை விட்டால், முதல் சுற்று சரியாக இருக்கும், ஐந்தாவது சுற்று நொண்டும், பத்தாவது சுற்றில் இரண்டும் இரண்டு தெருவில் நடக்கும். போனை அணைத்துப் போட்டாள். இயர்போனை மாற்றினாள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். போனைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், மாடி வீட்டில் நாற்காலியை நகர்த்தியவர்களையும் விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். வாசிப்பைப் பற்றி வாயே திறக்காத மனிதர். எதிரில் அவள் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பாதித் தட்டு காலியாகும்வரை கேட்டுவிட்டுச் சொன்னார். "லிஃப்ட் சரியா நிக்காத மாதிரி இருக்கே."

"என்ன?"

"முதல் மாடில ஒரு விரக்கடை தள்ளி நிக்குது. அப்ப தெரியாது. மாடிக்கு மாடி அது சேந்துக்கிட்டே போகும். பத்தாவது மாடில கதவைத் திறந்தா சுவருதான் இருக்கும்."

"டிரம் சரியில்லை. அதான்."

"டிரம் ஒரே மாதிரிதானே போகுது. கூட வர்றதுதான் நீளம்." கை கழுவ எழுந்தவர் நின்று திரும்பினார். "தங்கச்சிகூட வாசிக்கும்போது இப்படி இருக்காதே?"

அவர் வேலைக்குப் போய்விட்டார். நூலக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலை மூடினாள், திறந்தாள். கடைசியில் வியாழக்கிழமைப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு சின்ன மேடாகத் தெரியும். அளப்பது அவள் தொழில். விரல்களால் திரையைப் பெரிதாக்கி, மேட்டுக்கு மேடு அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று சமம். நாலாவது ஒரு முடி நீளம். அடுத்த சுற்றிலும் அதே முடி. அதற்கடுத்ததிலும் அதேதான். நாற்பது சுற்று அளந்தாள், அந்த முடி கூடவுமில்லை, குறையவுமில்லை.

அவளுக்குக் காது சூடாயிற்று. தடுமாறுகிறவள் நாற்பது தடவையும் ஒரே அளவா தடுமாறுவாள்?

தன் லூப்பை மட்டும் தனியாக எடுத்து அளந்தாள். அதே முடிதான் கூடுதல். அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று வந்துவிட்டதா என்று காதால் கேட்டு, நிச்சயம் பண்ணிக்கொண்டு, அதற்கப்புறம்தான் அவள் விரல் இறங்கும். எதையும் நிச்சயம் பண்ணாமல் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்த நிச்சயத்துக்கு ஆகிற நேரம்தான் அந்த முடி. மூன்று வருஷமாக இவள் லூப்பை நீளமாக வெட்டிக் கொடுக்க, அதற்குத் தக்கபடி நாத்தனார் நாலாவது அடியை இழுத்து இழுத்துப் பொருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டும் வாங்கிக்கொண்டு.

மத்தியானம் நூலக்கா ஒரு காரியம் செய்தாள். முதல் நாள் அணைத்த அந்த வசதியைப் போட்டுவிட்டு, தனியாக ஒரு தடவை வாசித்தாள். ஐந்து நிமிஷமும் சுத்தமாக வந்தது. பிசிறே இல்லை. திரும்பக் கேட்டபோது லேப் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் செட்டுகள்தான் ஞாபகம் வந்தன. வரிசையாக, வெள்ளையாக, யாருடைய வாயிலும் இல்லாத பற்கள். ஆனால் மேனேஜருக்கு இது போதும். அனுப்புகிற அம்புக்குறிமேல் விரலை வைத்தாள், எடுத்தாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. அதற்குமேல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கீழ்த்தாடையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு அவள் போன அதே நேரத்தில் கார் உள்ளே வந்தது. ஓட்டியவர் ஐம்பது வயதுத் தையல்காரர். சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் குலுங்காமல் நின்றது. தையல்காரர் முகமெல்லாம் பல்லாக இறங்கினார். "பாத்தீங்களா, இன்னைக்கு நானே நிறுத்திட்டேன்."

"சூப்பர் சார். திங்கக்கிழமை ரிவர்ஸ்" என்றாள் நாத்தனார், பக்கத்து இருக்கையிலிருந்து. அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று வைத்தது. அதிலிருந்து அவள் கால் மெதுவாக எழுந்தது. நூலக்கா இதற்கு முன் நூறு தடவை இந்த வாசலில் நின்றிருக்கிறாள். அந்தக் காலை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள். "நான் லேட்டா அழுத்தறேன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

நாத்தனார் குச்சிகளைக் கீழே வைத்தாள். "முதல் நாள்லேர்ந்து."

"அப்ப ஏன்டி சொல்லலை?"

"சொன்னா விரல் பயந்துரும் அண்ணி. பயந்த விரல் இன்னும் லேட்டாகும். நான் தினமும் எட்டு மணி நேரம் இதைத்தானே பாக்கறேன்."

"நான் திட்டினேனே. கோவம் வரலையா?"

"வராம என்ன? ஒரு தடவை கோவத்துல இழுக்காம நேரா வாசிச்சேன். நீங்க உடனே போன் கெட்டுப்போச்சுன்னு அண்ணன்கிட்ட புது போன் கேட்டீங்க. எதுக்கு வம்புன்னு மறுபடி இழுக்க ஆரம்பிச்சிட்டேன்."

நூலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சோபாக் கடையைப் பற்றி ஆரம்பித்தாள், வார்த்தை திக்கியது. நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"தெரியும். கடைக்கு எழுதிக் குடுத்த ஃபாரத்துல ரெண்டு பேர் நம்பரும் போட்டிருந்தோமே. அவர் முதல்ல எனக்குத்தான் போட்டாரு. டிரம் இல்லாம முடியுமான்னாரு. அண்ணி தனியாவே வாசிப்பாங்கன்னு நான்தான் சொன்னேன்." குச்சியை எடுத்து விரலிடுக்கில் சுற்றினாள். "ஒரு இடம் கிடைக்கலையேன்னு எவ்வளவு தவிச்சீங்க. அதான். பெருந்தன்மைன்னு நினைச்சுக்காதீங்க, வீட்டுக்குப் போய் தலகாணியை ஒரு மணி நேரம் அடிச்சேன்."

நூலக்கா கைப்பையிலிருந்து தாடையை எடுத்து மேஜைமேல் வைத்தாள், போனை ஸ்டாண்டில் செருகினாள். மத்தியானம் போட்ட வசதியை அணைத்தாள். மணி ஐந்து இருபது.

"எண்ணு" என்றாள். "இழுக்காதே. நான் வந்துடறேன்."

நாத்தனார் நாலு எண்ணினாள். நூலக்கா போனைப் பார்க்கவில்லை, குச்சியைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு போய்க் குச்சி மறுபடி மேலே ஏறியது. ஏறினது இறங்காமல் எங்கே போகும் என்று, சத்தத்துக்குக் காத்திராமல் விரலை இறக்கினாள். அடியும் பட்டனும் ஒன்றாக விழுந்தன. லூப் அவ்வளவு கச்சிதமாக அதுவரை விழுந்ததே இல்லை.

இரண்டாவது சுற்றில் நாலாவது அடி இழுத்தது.

லூப் முந்திக்கொண்டு போயிற்று. நாத்தனார் பின்னால் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்து, தடுக்கி, நின்றேவிட்டாள். "ஐயோ, நீங்க சரியா வந்துட்டீங்க. பழக்கதோஷம் அண்ணி. நாலாவது வந்தா கை தானா நின்னுடுது."

இன்னொரு முறை வாசித்தார்கள். மறுபடி இழுத்தது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். நூலக்கா லூப்பை அழித்துவிட்டு மறுபடி பட்டன்மேல் விரலை வைத்தாள். பாராட்டை ஞாபகம் வைத்துக்கொள்ள ஆயிரம் பேர் உண்டு. இவள் தப்பை ஒருத்தி மூன்று வருஷம் உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறாள், இப்போது இறக்க முடியாமல் நிற்கிறாள். அந்த நினைப்பு அவளைப் போட்டு உலுக்கியது.

மூன்றாவது முறை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்றில் நாத்தனாரின் கை மறுபடி நின்றது. நூலக்கா அதற்குத் தயாராக இருந்தாள். லூப்பை ஒரு நொடி நிறுத்தி, பாட்டின் கடைசி எழுத்தை நீட்டிக்கொண்டே, நாத்தனாரின் ஒன்று விழும்போது லூப்பையும் கூடவே விட்டாள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. ஐந்து நிமிஷமும் ஓடி முடிந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நூலக்கா அந்த வீடியோவை அனுப்பினாள், டிரம்மோடு, தடுக்கலோடு. ஐந்து ஐம்பத்தேழுக்குப் பதில் வந்தது. 'டிரம் இல்லாதது ஒண்ணு அனுப்புங்கம்மா. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.'

மத்தியானம் எடுத்தது போனில்தான் இருந்தது. சுத்தமாக, பிசிறில்லாமல். அவள் கால் மேஜைக்கடியில் படபடவென்று ஆடியது. ஒரு நிமிஷம் அப்படியே போயிற்று. பிறகு, 'அப்படி ஒண்ணு எங்கிட்ட இல்லைங்க' என்று எழுதி அனுப்பினாள். எழுதியது பொய்யாக இருக்கக் கூடாதே என்று, அந்தச் சுத்தமானதைத் தேடி எடுத்து அழித்தாள்.

"யாரு அண்ணி?"

"சோபாக்கடை."

"என்னவாம்?"

"தனியா உக்கார ஆள் வேணுமாம்." போனை ஸ்டாண்டில் திரும்பச் செருகினாள். "நீ எண்ணு."

நாத்தனார் குச்சியைத் தூக்கினாள், ஆனால் உடனே எண்ணவில்லை. மேஜைக்கடியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்த நூலக்காவின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்து, அந்தக் காலின் வேகத்துக்கே நாலு எண்ணினாள்.