ஒரு முகவரிக்கு ஒரு வீடு

முத்துலிங்கத்துக்குத் தன் புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்றால், பல்லேகல அலுவலகத்தின் காவலாளியை நிறுத்திவைத்து விளக்குகிற அளவுக்கு. தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கொடுக்கும் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்களை அது ஒவ்வொன்றாகச் சோதிக்கும். சரியானது பட்டியலில் ஏறும். தவறானது ‘நிராகரிப்பு’ என்ற கோப்பில் போய் விழும். அந்தக் கோப்பை யார் திறந்து பார்ப்பது என்று அவன் யோசிக்கவில்லை. குப்பைக்கூடையை யாராவது கிளறுவார்களா என்ன?

பட்டியல் மூடும் நாள் காலையில் புசல்லாவையிலிருந்து அம்மா அழகம்மா போன் எடுத்தாள். தோட்டத்தில் ஒட்டிய பட்டியலில் தன் பெயர் இல்லையாம். படிவத்தை ஒழுங்காக நிரப்பியிருக்கமாட்டாய் என்று எரிந்து விழுந்தான். அதை நிரப்பியதே அவன்தான் என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

அப்புறம்தான் கோப்பைத் திறந்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே காரணம்: இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஒரே ஆள் இரண்டு தடவை விண்ணப்பிப்பதைத் தடுக்க அவன் போட்ட விதி அது. கண்டியில் எட்டு வருஷம் வாடகைக்கு இருந்ததில், வீடென்றால் அதற்கோர் இலக்கம் இருக்கும் என்பது முத்துலிங்கம் துரைக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராவுக்கு ஏது இலக்கம்? தோட்டத்தின் பெயர்தான் எல்லாருக்கும் விலாசம். அம்மாவின் தோட்டத்தில் முதலில் விண்ணப்பித்த கறுப்பையா மட்டும் பட்டியலில் இருந்தார். மிச்சப் பேரெல்லாம் அவருடைய நகல்களாம்.

வெட்கம் காதுவரை சுட்டது. நாலு மணிக்குப் பட்டியல் மூடிவிடும். எல்லாரையும் ஏற்ற மேலதிகாரி ஹபீலாவின் அனுமதி வேண்டும். ‘பிழை ஏதுமில்லை’ என்று தான் கொடுத்த அறிக்கை தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவை மட்டும் ஏற்ற இரண்டு நிமிடம் போதும், யாருக்கும் தெரியாது. அதைப் பெரிய உபகாரம்போல அம்மாவிடமே சொன்னான்.

“என் பேர மட்டும் ஏத்திட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறது?” என்றாள் அவள்.

அவன் கொண்டுபோய் வைத்த கோப்பை ஹபீலா கடைசிப் பெயர்வரை படித்தார். எல்லாரையும் உடனே ஏற்றச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த விதிய எழுதின ஆளுக்குத் தோட்டத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாதா?”

“நான் லயத்துலதான் மேடம் பொறந்தேன்” என்றான் முத்துலிங்கம்.