பக்கம் திருப்ப ஓர் ஆள்

பியானோக்காரர் தலையாட்டினார், நான் பக்கத்தைத் திருப்பினேன். நடந்தது இவ்வளவுதான். அவர் எனக்காகத் தலையாட்டவில்லை, பாட்டுக்காகத் தலையாட்டினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் “ம்ஹூம்!” என்று உறுமியதும் பதறிப்போய்ப் பின்பக்கமாகத் திருப்பினேன். பதற்றத்தில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. அவர் ஒரு தாளைப் பிடித்து இழுத்தார். நான் உதவுகிறேன் பேர்வழி என்று அதே தாளைப் பிடித்துக்கொண்டேன். புத்தகம் முழுவதும் பியானோக் கட்டைகள் மேல் குப்புற விழுந்தது. அப்போது எழுந்த சத்தம்தான் இசைத்துறைக்கு நான் இதுவரை ஆற்றிய தொண்டு.

என் மகள் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: செல்லோ என்பது வயலினுக்குப் பெரியம்மா. உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். எங்கள் காரில் அதற்குத்தான் பின்சீட்டு, சீட் பெல்ட் எல்லாம். அன்று இசைக் கல்லூரியில் அவளுக்குத் தேர்வு. நன்றாக வாசிக்கிற பிள்ளைகளில் ஒரு கைப்பிடி பேரைப் பொறுக்கி எடுத்து, ஹாஸ்டலில் தங்கவைத்து, இரண்டு வருடம் மேல்பயிற்சி கொடுக்கிறார்கள். ஊரோ எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அரைநாள் தூரம்.

நான் எப்படி அந்தப் பியானோ பக்கத்தில் போய் நின்றேன் என்று கேட்பீர்கள். வழக்கமாகப் பக்கம் திருப்பும் மாணவிக்குக் காய்ச்சல். பியானோக்காரர் வராந்தாவுக்கு வந்து, “பக்கம் திருப்ப யாராச்சும் கிடைப்பாங்களா?” என்று கேட்டார். யாராவது ஆள் வேண்டும் என்றால் போதும், எதற்கு என்று விசாரிக்கும் முன்பே என் கை தூக்கிக்கொள்ளும். பிறவிக் கோளாறு.

“நோட்ஸ் படிக்கத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது சார். ஆனா தலையாட்டினா புரிஞ்சுக்குவேன். கல்யாணமான ஆளு.”

சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏமாந்தவர்தான்.

பியானோ நின்றுபோனதும் என் மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முறைக்கவில்லை. கடைக்குள் நுழையும்போது பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அதுபோல ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில் நகர்ந்துகொண்டே இருந்தது. பியானோக்காரர் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தி, இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளே நுழைந்தார். அதன்பின் கடைசிவரை நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கியவன் மாதிரி நின்றேன். பக்கங்களை அவரே திருப்பிக்கொண்டார். எனக்கு அது அவமானமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

வெளியே வந்தால் என் மனைவி கதவோரம்.

“என்னமோ விழுந்த சத்தம் கேட்டுச்சே?”

“புத்தகம்.”

“நீங்களா?”

“நான் விழல. புத்தகம்தான் விழுந்துச்சு.”

அவள் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாய்க்குள் எது சொத்தை என்று அவளுக்குச் சட்டென்று தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “வேணும்னு பண்ணலியே?” என்றாள்.

“சேச்சே! என்ன பேச்சு இது?” என்றேன். ஆனால் என் தலை மேலும் கீழுமாகவும் போகாமல், பக்கவாட்டிலும் போகாமல், நடுவாந்திரமாக ஆடியது.

எங்கள் வீட்டுத் தலையாட்டல் அது. ஆமாம் என்று நினைப்பவருக்கு ஆமாம், இல்லை என்று நினைப்பவருக்கு இல்லை. என்னிடமிருந்து என் மகளுக்குப் போயிருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெயர் பூனை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, செல்லோ வாங்கிக் கொடுக்கும்வரை. எதைக் கேட்டாலும் தலை ஆடும். அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. “பசிக்கலையாம்”, “அந்தச் சட்டையே போதுமாம்” என்று சரளமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பு விஷயத்திலும் போய்த் தங்க ஆசையா என்று பல தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே ஆட்டம். “பெரிசா இஷ்டமில்ல போல, டீச்சர் சொன்னாங்களேன்னு எழுதிப் போடுறா” என்று மனைவியிடம் மொழிபெயர்த்திருந்தேன்.

அது எனக்கு வசதியான மொழிபெயர்ப்பு. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்தான் எங்கள் வீடு. சாயங்காலம் அவள் மாடியில் வாசிப்பாள். கீழே நான் வாடிக்கையாளர்களை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வேன். அவள் மெதுவாக வாசித்தால் அவர்களும் மெதுவாகப் படிப்பார்கள். வேகமெடுத்தால் கடைசி வரியைக் கூடக் கடகடவென்று, தப்பும் தவறுமாக, ஒப்பித்துவிடுவார்கள். “மேல யாரு?” என்று கேட்காத ஆளில்லை. “நம்ம பொண்ணு” என்று சொல்வதற்காகவே கேட்கும்வரை கண்ணாடியைக் கொடுக்காமல் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த மாடி இரண்டு வருடம் சும்மா கிடக்கும் என்று நினைத்தால்... வேணும்னு பண்ணவில்லை. பண்ணவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வுக்குழுத் தலைவி வெள்ளை முடி வைத்த, நிதானமான அம்மாள். அவர் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. திருகை ஒரு சுற்று முறுக்கினால் போதும். கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு உதவி செய்த வரைக்கும் போதும்.

“தப்பு எங்களோடது,” என்றார். “தெரியாதவரப் பக்கம் திருப்ப நிக்க வெச்சிருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கப்புறம் அவ மறுபடி வாசிக்கலாம். வழக்கமாத் திருப்புற பொண்ணு இல்லேன்னாலும் பரவால்ல, நானே திருப்புறேன்.”

நான் கும்பிடாத குறை.

“ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்.” என் மகள் பக்கம் திரும்பினார். “இங்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் அப்பா அம்மா ஆசைக்கு வர்றாங்க. நாலு மாசத்துல வாடிப் போறாங்க. அவங்களுக்கும் கஷ்டம், இடம் கிடைக்காமப் போன பிள்ளைக்கும் கஷ்டம். நீ சொல்லும்மா. இங்க வந்து தங்கிப் படிக்க உனக்கு ஆசையா?”

பூனையின் தலை ஆடியது. நடுவாந்திரமாக.

தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “இதுக்கு என்னங்க அர்த்தம்?”

மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறந்தான். “அவ்வளவா இஷ்டமில்ல போல” என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சாயங்காலமே நாங்கள் மூவரும் செல்லோவுமாக ஊர் திரும்பியிருப்போம். மாடியில் எல்லாம் பழையபடி நடந்திருக்கும்.

“எனக்குத் தெரியலீங்க,” என்றேன்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொத்தைப்பல் என்று நினைத்தது நல்ல பல்லாக இருந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“பேசிட்டு வந்து சொல்லுங்க,” என்றார் தலைவி. “அவ வாயால சொல்லட்டும்.”

வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு. மனைவி என் தோளைத் தட்டி, “நீங்களே கேளுங்க. நான் இருந்தா ரெண்டு பேர் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லணும் அவ,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள். நாங்கள் உட்கார்ந்தோம். செல்லோப் பெட்டி மூன்றாவது ஆளாகச் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்து அறைகளில் யார் யாரோ வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு புல்லாங்குழல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்து எழுந்தது.

“பூனை.”

“ம்.”

“நான் சொதப்பினதுல கோபமா?”

தலை ஆடியது.

“இந்தத் தலைய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? வாயத் திறந்து சொல்லக் கூடாதா?”

செல்லோப் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள். பிறகு, “நீங்க கேக்கறப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களாப்பா?” என்றாள்.

“எப்படி இருக்கும்?”

“ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போன பெட்டி மாதிரி.”

கண்ணாடிக் கடைக்காரன் நான். கடையில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதற்கேற்ற பதிலை அவள் தலையில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அதையே திருப்பி வாங்கி அவள் விருப்பம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் என் வேலையே நேரான பதில் வாங்குவதுதான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா? ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்பேன். அதற்கு முதல் விதி, உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்க்கக் கூடாது. எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். என்னைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கிற மாதிரிப் பதில் சொல்வார்கள். மனிதர்கள் அவ்வளவு நல்லவர்கள்.

எதிர்ச்சுவரில் வகுப்பு நேரப் பலகை ஒன்று தொங்கியது.

“என்னைப் பாக்காத. அந்தப் போர்டப் பாரு,” என்றேன்.

“கண் டெஸ்ட்டாப்பா?” சிரித்துவிட்டாள்.

“ஆமா, ஃப்ரீ. கேட்டதுக்குப் பதில் சொல்லணும், தலை ஆடினா மறுபடி முதல்ல இருந்து.” நானும் பலகையையே பார்த்தேன். என் முகத்தை நம்ப முடியாது. “ஒண்ணு, இங்க வந்து தங்கறது. ரெண்டு, வீட்டுல இருந்தே கத்துக்கறது. எது தெளிவாத் தெரியுது?”

“ஒண்ணு,” என்றாள்.

உடனே சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தொழில் என்றால் தொழில். சிலர் அவசரத்தில் முதலில் காட்டியதையே சொல்லிவிடுவார்கள். அதனால் ஒருமுறை மாற்றிப் போட்டுக் கேட்காமல் நான் யாருக்கும் லென்ஸ் எழுதுவதில்லை.

“சரி, இப்போ மாத்திக் காட்டறேன். ஒண்ணு, நம்ம வீடு. மாடி, கடை, அம்மா, நான். ரெண்டு, இந்த இடம். இந்த பெஞ்சு, அதோ தடுக்கி விழுற அந்தப் புல்லாங்குழல், ரெண்டு வருஷம். நிதானமாச் சொல்லு. ஒண்ணா, ரெண்டா?”

அவள் பலகையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள். விதிப்படி அது தப்பு. என் முகம் அப்போது எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ரெண்டு. எனக்கு இங்க வரணும்ப்பா. ரொம்ப வரணும்.”

தலை அசையவே இல்லை.