மாடிப்படியில் இறங்கிய மோட்டார்

மனித குலம் இதுவரை கண்ட பாரந்தூக்கிகளில் ஆகச் சிறந்தது சோலைமலையின் தோள்தான். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், அவர்கள் பேச்சில் ஸ்டோரில், இதைப் பலமுறை அறிவித்தவன் சோலைமலையே என்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

மேல்மாடியில் கொழுந்து வாட்டும் காற்றாடியின் மோட்டார் எரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பாரத்தை இறக்கத்தான் நிர்வாகம் செயின் புளொக் என்ற சங்கிலிக் கப்பியை வாங்கித் தந்திருந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, மாரியம்மன் படத்தின் கீழ் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை எண்ணெய்க் கையால் எப்படித் தொடுவது? அன்றிலிருந்து அதுவும் சாமி.

மாயாண்டி மட்டும் அதை எடுத்து மாட்டலாம் என்றான். அவனுக்கு ஏற்கனவே ஒருமுறை இடுப்புப் பிடித்திருந்தது. இன்னொரு முறை பிடித்தால் ஸ்டோர் வேலை போய்விடும்.

“நாலு ஆம்பள நிக்கிறோம். அம்மன எழுப்பணுமாடா?” என்றான் சோலைமலை.

மோட்டாரைக் கயிற்றால் கம்பில் கட்டித் தோளேற்றினார்கள். கீழ்ப்பக்கம் மாயாண்டியும் வினோஜனும், மேல்பக்கம் சோலைமலையும் யோகேஸ்வரனும். யோகேஸ்வரன் “வை” என்று குரல் கொடுத்தால்தான் எல்லோரும் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். நடை பழகும் பிள்ளைக்குத்தான் இப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று சோலைமலை படி திரும்பும் வளைவு வரை முணுமுணுத்தான். வளைவில் குரலுக்கு முன்பே இறங்கினான்.

கம்பு சாய்ந்தது. மோட்டார் வழுக்கிக்கொண்டு கீழே போனது. வினோஜன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மாயாண்டிக்கு ஒட்ட இடமில்லை.

மோட்டாரைப் புரட்டித் தள்ளியதும் சோலைமலை அவனை வாரித் தூக்கக் குனிந்தான்.

“தொடாதண்ணே. காலு எங்க கெடக்குன்னே தெரியல.”

யோகேஸ்வரன் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்தான். மாயாண்டியை மெல்ல அதில் நகர்த்திச் சாக்கால் கட்டினார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடிவந்து நான்காவது மூலையைப் பிடித்தார். வாசலில் லொறி உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு முன் பாதி மாடிப்படி பாக்கி.

எல்லோரும் யோகேஸ்வரனைப் பார்த்தார்கள். அவன் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாயாண்டி கூரையைப் பார்த்தபடி, வலி கொஞ்சமும் இல்லை என்றான். அதைக் கேட்டுத்தான் டீமேக்கர் தன் மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சோலைமலை தொண்டையைச் செருமினான்.

“எல்லாரும் ஒண்ணா தூக்குங்க,” என்றான், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. “வை.”

எல்லாக் கால்களும் வந்து சேர்ந்தனவா என்று குனிந்து பார்த்தான். பிறகுதான் அடுத்ததைச் சொன்னான்.

“வை.”